ப்ளக் மாற்றியதும் இழுவை குறைந்த கார்: டைமிங் லாக் எடுத்துப் பார்த்த வேலைப் பதிவு

வண்டி: 1.5 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின். ஒவ்வொரு ப்ளக்கின் தலையிலும் தனிக் காயில். வெளியில் வாங்கிய இரிடியம் ப்ளக் செட் போட்டபிறகு வந்த புகார் இது: மூன்றாவது கியரில் அழுத்தினால் வண்டி எழவில்லை, ஏற்றத்தில் மெல்லிய தட்டல் சத்தம், ஐடில் மட்டும் முன்பைவிட அமைதி. எஞ்சின் லைட் எரியவில்லை. கூடவே ஒரு கோரிக்கை: "ப்ளக் மாத்துனதுல டைமிங் நகர்ந்திருக்கும், கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணி விடுங்க."

டைமிங் என்பது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை கிராங்க் டிகிரி முன்பாகப் பொறி வருகிறது என்பது. அதை முன்னே தள்ளினால் அட்வான்ஸ், பின்னே இழுத்தால் ரிட்டார்ட். அட்வான்ஸ் பண்ண அங்கே திருகக்கூடியது எதுவும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்திக் கையால் திருப்பிய காலம் போய்விட்டது. கிராங்க் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் விட்டு, 2 பல் மட்டும் இல்லாமல் வெற்றிடமாக விட்டிருப்பார்கள். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த வெற்றிடத்தை வைத்து கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) தெரிந்துகொள்கிறது, பல்லுக்கும் பல்லுக்கும் இடைப்பட்ட கோணத்தை நேரக் கணக்கில் பிரித்துக்கொள்கிறது. 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரமும் உண்டு, கணக்கு அதேதான். ஆர்பிஎம், லோடு இரண்டையும் வைத்து ஒரு மேப்பிலிருந்து டைமிங்கை எடுத்து, கூலன்ட் சூடு, உள்ளே வரும் காற்றின் சூடு, நாக் சென்சார் (கலவை தாறுமாறாக எரிந்து எழுப்பும் தட்டலைக் கேட்பது) சொல்வது ஆகியவற்றுக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறது. இந்தச் சங்கிலியில் ப்ளக்குக்கு எந்த இடமும் இல்லை.

ப்ளக்கின் கேப் (பொறி தாவும் இடைவெளி) கூடினால் பொறி தாவுவது தாமதமாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகும், ஆனால் எவ்வளவு? 6000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி விநாடிக்கு 36 டிகிரி சுழல்கிறது. காயிலின் மின்னழுத்தம் ஏற 10 மைக்ரோ விநாடி கூடுதலாகப் பிடித்தாலும் 0.36 டிகிரிதான். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது.

ஆனாலும் ப்ளக் மாற்றியபின் டைமிங் 5, 6 டிகிரி குறைவதை ஸ்கேனரில் கண்ணால் பார்க்கலாம். ப்ளக் அதை நேரடியாகச் செய்வதில்லை, நாக் சென்சார் வழியாகச் செய்ய வைக்கிறது. பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய அந்த பீசோ சென்சார், சிலிண்டர் விட்டத்தைப் பொறுத்துச் சுமார் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸில் வரும் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருக்கும். தட்டல் கேட்டவுடன் ஈசியூ டைமிங்கைச் சட்டென்று இறக்கும்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றிப் பார்க்கும். ப்ளக்கின் முனை அளவுக்கு மேல் சூடானால் தட்டல் வரும், தட்டல் வந்தால் டைமிங் போகும், டைமிங் போனால் இழுவை போகும். கடைசியில் ஓட்டுபவருக்குத் தெரிவது இழுவை மட்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் லாக்

லாக் என்பது ஓட்டும்போது ஈசியூ தரும் எண்களைப் பதிவுசெய்வது. அதற்கு ஓபிடி சாக்கெட்டில் (காரின் பரிசோதனை முனை) செருகும் அடாப்டரும் ஒரு செயலியும் போதும். மலிவு அடாப்டர்கள் மெதுவானவை. பதினைந்து அளவுகளைத் தேர்ந்தெடுத்தால் விநாடிக்கு ஒரு புள்ளிகூட ஒழுங்காக வராது, தட்டலால் வந்த இறக்கம் இரண்டு புள்ளிக்கு நடுவே காணாமல் போய்விடும். ஆர்பிஎம், டைமிங் அட்வான்ஸ், லோடு, காற்றின் வெப்பநிலை நான்கு மட்டும் முதல் ஓட்டத்துக்கு. ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பது; குறுகிய காலம், நீண்ட காலம் என இரண்டு) இரண்டையும் தனி ஓட்டத்தில் எடுக்கலாம். பொது ஓபிடியில் வரும் டைமிங் முதல் சிலிண்டருக்கானது, அரை டிகிரி படியில் வரும். எந்த சிலிண்டரில் எவ்வளவு ரிட்டார்ட் என்று தனித்தனியாகப் பார்க்க, அந்தக் கார் கம்பெனியின் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும்.

கூலன்ட் 80 டிகிரி தாண்டியபின், மூன்றாவது கியரில், 2000 ஆர்பிஎம்மில் இருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தி 4500 வரை. வேலை முடிந்தபின் எடுக்கும் லாகும் அதே சாலையில், அதே டேங்க் பெட்ரோலில், கிட்டத்தட்ட அதே காற்றுச் சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டையும் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

ஐடிலில் டைமிங் 5க்கும் 15க்கும் நடுவே ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஐடில் வேகத்தை நிலையாக வைக்க ஈசியூ டைமிங்கைத்தான் ஆட்டுகிறது. த்ராட்டிலைத் திறந்து மூடுவதைவிட அது வேகமான வழி. சமவெளியில் லேசாக ஓட்டும்போது 30, 40 டிகிரி தெரிவதும் இயல்பே. பார்க்க வேண்டியது முழு அழுத்தத்தில் வரும் கோட்டின் வடிவம். டர்போ இல்லாத எஞ்சினில் ஆர்பிஎம் ஏற ஏற அது வழுவழுப்பாக மேலே போக வேண்டும். இந்த வண்டியில் 2600 வரை 16, 18, 19 என்று ஏறி, 2900இல் 12க்கு விழுந்தது. 3500 தாண்டியும் 17ஐத் தொடவில்லை. செங்குத்தாக விழுந்து சாய்வாக ஏறும் அந்த ரம்பப் பல் வடிவம் நாக் ரிட்டார்டின் அடையாளம்.

ஃப்யூயல் ட்ரிம் இரண்டும் பிளஸ் மைனஸ் 5 சதவீதத்துக்குள் இருந்தன, ஈசியூவின் சொந்தச் சோதனை முடிவுகளைக் காட்டும் மோடு 06இல் மிஸ்ஃபயர் (கலவை எரியாமல் போவது) எண்ணிக்கை எல்லா சிலிண்டருக்கும் பூஜ்யம். இது முக்கியம். மிஸ்ஃபயர் என்றால் எரியாத ஆக்ஸிஜன் வெளியே போகும், ஆக்ஸிஜன் சென்சார் கலவை மெலிந்துவிட்டது என்று தப்பாக நினைக்கும், ட்ரிம் பிளஸ் பக்கம் ஏறும், பி0300 தொடங்கி பி0304 வரை பிழைக் குறியீடு விழும். தட்டலில் இவை எதுவும் வராது. எஞ்சின் லைட்டும் எரியாது. "லைட் எரியல, அதனால ப்ளக் நல்லாத்தான் இருக்கு" என்ற வாதம் இங்கேதான் உடைகிறது.

கழற்றுதல்

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய ஹெட்டில் ப்ளக்கைத் திருகினால் மரை கூடவே வரும். காயில் கனெக்டரின் பிளாஸ்டிக் பூட்டு பழைய வண்டிகளில் மொறுமொறுப்பாகிவிடும். நகத்தால் நெம்பாமல், முதலில் கனெக்டரை உள்ளே தள்ளி அழுத்தம் குறைந்தபின் பூட்டை அமுக்கினால் உடையாது. 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, காயிலை இரு பக்கமும் திருப்பி அதன் அடியில் உள்ள ரப்பர் உறையின் பிடியை விடுவித்தபிறகே மேலே இழுக்க வேண்டும். குழிக்குள் ஏர் அடித்து, ப்ளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, மறுபடி ஏர் அடித்து, அதன்பின் முழுக்கக் கழற்ற வேண்டும். இரண்டாவது தடவை ஏர் அடிப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்; ப்ளக்கின் அறுகோணத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் மணல் அப்போதுதான் வெளியே வரும். கழற்றிய ப்ளக்கையும் காயிலையும் சிலிண்டர் வரிசையிலேயே அடுக்கி வைக்கவும்.

2ஆம், 3ஆம் சிலிண்டர் ப்ளக்குகளுக்கு ராட்செட்டே தேவைப்படவில்லை. நீட்டுக் குழாயைக் கையால் திருப்பியதும் கழன்றன. மற்ற இரண்டும் அப்படியொன்றும் இறுக்கமாக இல்லை.

வெளியே வந்த ப்ளக் சொன்னது

முதலில் வாஷரைப் பார்க்க வேண்டும். மரையோடு வரும் அந்த மடித்த இரும்பு வளையம், சரியாக இறுக்கினால் நசுங்கித் தட்டையாகும். இங்கே நான்கிலும் புதுக் கருக்கு அழியாமல் உப்பலாகவே இருந்தது; 3ஆவதில் வாஷரின் மேல்புறத்தில் கறுப்புப் புகைக்கோடு ஒன்று. எரிவாயு மரை வழியே கசிந்திருக்கிறது. ப்ளக்கின் மூக்கில் சேரும் சூட்டின் பெரும்பகுதி மரை வழியாகவும் இந்த வாஷர் உட்காரும் இடம் வழியாகவும்தான் ஹெட்டுக்குப் போகிறது. வாஷர் நசுங்காவிட்டால் சூடு போகும் வழி குறுகிவிடும். ப்ளக்கின் வெப்ப எண் (சூட்டை எவ்வளவு விரைவாக வெளியேற்றும் என்பதைக் குறிப்பது) என்னவாக இருந்தாலும் அது அதைவிடச் சூடான ப்ளக்காக நடந்துகொள்ளும்.

அடுத்து பீங்கான் மூக்கு. 1, 4இல் இளம் பழுப்பு. 2, 3இல் சுண்ணாம்பு வெள்ளை, பொறி போய்ச் சேரும் பக்கக் கம்பியான எர்த் கம்பியின் நுனியில் நீலம் கலந்த நிறமாற்றம். பூதக்கண்ணாடி வைத்து அலுமினியப் புள்ளிகளைத் தேட வேண்டிய இடம் இது: மிளகுத்தூள் தூவியது மாதிரி பளபளக்கும் துகள்கள் பீங்கானில் ஒட்டியிருந்தால் அவை பிஸ்டனில் இருந்து வந்தவை, அப்போது கம்ப்ரஷனும் கேமரா சோதனையும் செய்யாமல் வண்டியை விடக்கூடாது. இதில் இல்லை.

பீங்கானின் வெளிப்புறத்தில், இரும்பு உடலுக்குச் சற்று மேலே தெரியும் பழுப்பு வளையத்தைக் கசிவு என்று நினைத்து நல்ல ப்ளக்கைத் தூக்கிப் போடுவார்கள். அது உயர் மின்னழுத்தத்தைச் சுற்றிய காற்றில் எண்ணெய்த் துகள் ஒட்டியதால் வரும் கறை, தீங்கில்லாதது. மேலிருந்து கீழே பென்சில் கோடு மாதிரி ஓடினால்தான் ஆபத்து: மின்சாரம் வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது. அப்போது ப்ளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டும்; கோடு உறையின் உள்ளேயும் பதிந்திருக்கும், புது ப்ளக்கையும் அது கெடுக்கும்.

கேப் அளந்ததில் 1.0, 1.1, 1.2, 0.9 மி.மீ. இந்த எஞ்சினுக்கு 1.0 முதல் 1.1 வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து அளக்காமல் போட்டதன் விளைவு. வெப்ப எண்ணை ஒப்பிட்டால் கம்பெனி ப்ளக்கைவிட ஒரு படி சூடானது.

வெப்ப எண்ணில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏறினால் ப்ளக் குளிர்ச்சி. பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் ஏறினால் ப்ளக் சூடு. என்ஜிகே 5க்கு டென்சோ 16, 6க்கு 20, 7க்கு 22 என்று இணை வரும். எண்ணை மட்டும் பார்த்து ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் எதிர்த் திசையில் போய் நிற்கலாம். முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கரி தானாக எரிந்து போகும்; 850ஐ நெருங்கினால் பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கத் தொடங்கும். ஒரு படி மாறினால் முனையின் சூடு ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி மாறும்.

எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாமல், படிப்படியாக

இறுக்கம் குறைவு, எண் தவறு, கேப் சமமில்லை. மூன்று குற்றவாளிகள். புது செட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தால் வண்டி சரியாகியிருக்கும், காரணம் தெரிந்திருக்காது. அதனால் முதலில் அதே ப்ளக்குகளைக் கேப் சரிசெய்து, சரியான இறுக்கத்தில் மறுபடி மாட்டி லாக் எடுத்தது. 2900இல் விழும் பள்ளம் போய்விட்டது. 3500இல் 21 டிகிரி. ஏற்றத்துத் தட்டலும் இல்லை. அடுத்து கம்பெனி சொன்ன எண்ணில் புது செட், 3500இல் 24. ஆக, இழந்ததில் பெரும்பங்கு இறுக்கமும் கேப்பும் சரியில்லாததால் போனது; கேப் டைமிங்கை அவ்வளவு இழுக்காது என்பதால் முதல் சந்தேகம் நசுங்காத வாஷர்மேல்தான். ஒரு படி சூடு மட்டும் தனியாக இருந்திருந்தால் அன்றாட ஓட்டத்தில் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள்.

வெளிப் ப்ளக் வாங்கும்போது ஒத்துப்போக வேண்டியவை: மரை விட்டம் (14, 12 அல்லது 10 மி.மீ.), மரை நீளம் (19, 26.5 பரவலானவை), வாஷர் வகையா கூம்பு வகையா, மூக்கு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, ரெசிஸ்டர் உண்டா, வெப்ப எண். மரை நீளம் கூடினால் பிஸ்டனில் இடிக்கும் அபாயம். குறைந்தால் ஹெட்டின் மிச்ச மரையில் கரி பிடித்து, அடுத்த தடவை சரியான ப்ளக் உள்ளே போகாது. ரெசிஸ்டர் இல்லாத ப்ளக்கை ஈசியூ வைத்த எந்த வண்டியிலும் போடக்கூடாது. பொறியின் மின் இரைச்சல் கிராங்க் சென்சார் சிக்னலில் கலந்து, தேடவே முடியாத கோளாறுகளைத் தரும். மேல் முனைக்கும் நடு எலக்ட்ரோடுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் பெரும்பாலும் 5 கிலோஓம் அருகே காட்டும். நேரடியாக பூஜ்யம் காட்டினால் ரெசிஸ்டர் இல்லை. செட்டில் ஒன்று மட்டும் முடிவிலி காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போலிகளைக் கண்டுபிடிக்கவும் இந்த மீட்டர் உதவும். கூடவே நுனியைப் பாருங்கள்: நல்ல இரிடியம் ப்ளக்கில் 0.4 அல்லது 0.6 மி.மீ. நுனி, சுற்றிலும் சீரான லேசர் வெல்டோடு நடுவில் நிற்கும். போலியில் சாதாரண நிக்கலைக் கூராக்கி வைத்திருப்பார்கள், எர்த் கம்பி நடுவிலிருந்து விலகியிருக்கும், வாஷர் விரலால் சுழற்றினாலே மரையிலிருந்து கழன்று வரும்.

ஒரே காயில் இரண்டு ப்ளக்குக்குப் பொறி தரும் பழைய அமைப்பில் தனிக்கவனம் வேண்டும். அங்கே ஜோடியில் ஒரு ப்ளக்கில் பொறி எர்த் கம்பியிலிருந்து நடுவுக்குத் தாவும். அதனால் இரு முனையிலும் பிளாட்டினம் உள்ள வகைதான் தாங்கும். மூன்று, நான்கு எர்த் கம்பி வைத்த ப்ளக்கில் ஒரு தடவைக்கு ஒரு கம்பிக்கு மட்டுமே பொறி தாவும். தேய்மானம் பங்கிடப்படும், சக்தி கூடாது. பெட்டியில் அச்சடித்த குதிரைத்திறன் கணக்கைப் பெட்டியோடு விட்டுவிடலாம்.

டர்போ எஞ்சின் என்றால் கேப் பெரும்பாலும் 0.7, 0.8 என்ற அளவில் இருக்கும். அழுத்தம் கூடக்கூடப் பொறி தாவத் தேவைப்படும் மின்னழுத்தமும் கூடும், 1.1 வைத்தால் ஐடிலில் ஒன்றும் தெரியாது, பூஸ்ட் ஏறும்போது காயில் தோற்று மிஸ்ஃபயர் வரும். லைட் விட்டுவிட்டு மின்னினால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் எரிகிறது என்று பொருள், காலை எடுத்துவிடுங்கள்.

மாட்டுதல்

கேப்பை அளக்கக் கம்பி கேஜ் மட்டும். நாணயம் மாதிரியான சாய்வு கேஜை உள்ளே திணித்தால் இரிடியம் நுனி உடையும். நடுவில் முட்டுக்கொடுத்து நெம்பினால் பீங்கான் விரியும். வளைப்பது எர்த் கம்பியை மட்டும், அதற்குரிய கொக்கியால்.

ப்ளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் மாட்டி அதைக்கொண்டே மரையில் ஏற்றவும். மரை குறுக்கே பிடித்தால் ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் தப்பிக்கும். அடியில் உட்கார்ந்தபின் டார்க் ரென்ச்: அலுமினிய ஹெட்டில் வாஷர் வகை 14 மி.மீ. ப்ளக்குக்கு ப்ளக் கம்பெனிகள் சொல்வது 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20, 10 மி.மீ. என்றால் 10 முதல் 12. காரின் சர்வீஸ் மேனுவல் இதைவிடக் குறைவாகச் சொன்னால் மேனுவல் சொல்வதே சரி. ரென்ச் இல்லாவிட்டால் புது வாஷருக்குக் கையால் உட்கார்ந்த இடத்திலிருந்து அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று. கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு. கூம்பு வகையை வாஷர் வகை மாதிரி இறுக்கினால் அடுத்த தடவை கழற்றும்போது தெரியும்.

மரையில் ஆன்ட்டி-சீஸ் தடவ வேண்டாம். முலாம் பூசிய ப்ளக்குக்கு அது தேவையில்லை, வழுக்கலால் அதே டார்க் எண்ணில் ப்ளக் மிகையாக இறுகிவிடும். டைஎலக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் ரப்பர் உறையின் உள் விளிம்பில் மெல்லிய படலமாக மட்டும். மேல்முனை நட்டு திருகும் வகையாக இருந்தால் மாட்டும் முன் ப்ளையர் வைத்து ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். அது ஆடினால் காயிலுக்கும் ப்ளக்குக்கும் நடுவே இன்னொரு பொறி தாவும்.

அப்போதும் லாகில் பள்ளம் இருந்தால்

நாக் சென்சார் போல்ட். பெரும்பாலான வளைய வகைச் சென்சாருக்கு 20 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இறுக்கம். அடியில் வாஷர் கூடாது, துருவும் பெயின்ட்டும் கூடாது. மிகையாக இறுக்கினாலும் தளர்ந்தாலும் கேட்கும் தன்மை மாறும். அடுத்து, தட்டல் இல்லாமலே அதற்குத் தட்டல் மாதிரிக் கேட்கும் சத்தங்கள்: தளர்ந்த காயில் போல்ட், பிளாக்கில் உரசும் ஏசி பைப் பிராக்கெட், ஆடும் வெப்பத் தகடு. அதன்பின் எரி அறையில் படிந்த கரி, குறைந்த ஆக்டேன் பெட்ரோல், சூடான காற்றை இழுக்கும் உடைந்த ஏர் டக்ட். பி0016 (கிராங்க், கேம் நிலைகள் ஒத்துப்போகவில்லை என்ற குறியீடு) இருந்தால் கேம் செயின் பக்கம் போக வேண்டும். ப்ளக் அந்தக் கதையில் இல்லை.

பழைய தட்டலைக் கற்றுவைத்திருக்கும் ஈசியூக்கள் புது ப்ளக் போட்டபின்னும் கொஞ்ச தூரம் டைமிங்கைப் பிடித்தே வைத்திருக்கும். ஸ்கேனரில் அடாப்டேஷன் ரீசெட் இருந்தால் அதைச் செய்து லாக் எடுக்கவும். இல்லாவிட்டால் பல தரப்பட்ட லோடில் ஓட்டியபிறகு எடுக்கவும். பேட்டரியைக் கழற்றினால் ஐடில் கற்றலும் சேர்ந்து அழியும், சில வண்டிகளில் ஸ்டீரியோ ரகசிய எண்ணும் கேட்கும்.

டைமிங் லைட் வைத்துத்தான் நம்புவேன் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. டொயோட்டாவின் பல விவிடி-ஐ (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும்) எஞ்சின்களில் ஓபிடி சாக்கெட்டின் 13ஆம், 4ஆம் முனைகளை இணைத்தால் ஐடில் டைமிங் ஆடாமல் 8 முதல் 12 டிகிரிக்குள் நிற்கும். காயிலுக்கும் ப்ளக்குக்கும் நடுவே ஒரு நீட்டு ஒயர் போட்டால் லைட்டின் கிளாம்பைக் கவ்வலாம். முனை எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தபிறகே இணைக்கவும். 13 இருக்கும் அதே வரிசையின் 16ஆம் முனை பேட்டரி பிளஸ்.